வேலை மாறப் போறீங்களா? உள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க

நொய்யல்கரை:

வேலை பிடிக்கலைன்னு ஆலோசனைக்கு வர்றவங்களுக்கு, பிடிக்காதது தொழிலா, கம்பெனியா, வேலை நேரமா, மேல உக்காந்திருக்கிற ஆளாங்கிறது பெரும்பாலும் பிரிச்சுச் சொல்லத் தெரியாதுங்க. பிரிக்கிறதுக்கு ஒரு நோட்டுப் போதும். நாலு வாரம், அன்னன்னிக்குச் செஞ்ச வேலையை ஒவ்வொண்ணா எழுதணும். பக்கத்துல எத்தனை நிமிசம், விரும்பிச் செஞ்சதா, பல்லைக் கடிச்சிட்டுச் செஞ்சதா. 'ஆபீஸ் வேலை'ன்னு மொத்தமா எழுதுனா ஒண்ணும் தெரியாது. 'சாயப்பட்டறைக்குப் போன் போட்டுத் துணி லாட் எப்ப வரும்னு கேட்டது'ங்கிற அளவுக்கு இறங்கணும்.

அப்படி எழுதுனா வெறுப்பெல்லாம் ரெண்டு மூணு காரியத்துலதான் குவிஞ்சு கிடக்கும். அது இல்லாத வேலை பல சமயம் அதே தொழிலுக்குள்ளேயே இருக்கும். தொழிலையே மாத்துனா சம்பளம் புதுசா சேர்றவன் சம்பளத்துக்கு இறங்கிரும், தொழிலுக்குள்ளேயே மாறுனா அவ்வளவு அடி இல்லை.

அவங்கவங்க தொழில்ல உள்ளே என்ன நடக்குதுன்னு எழுதுங்க. விளம்பரத்துல வர்றது வேண்டாம்.

பனியன் ஊரு:

திருப்பூர் மெர்ச்சண்டைசர், அதாவது துணி வாங்குறவங்க (பையர்) ஆர்டரைத் தேதிக்குள்ள முடிக்க வைக்கிற ஆளோட வேலையைச் சொல்றேன். பேங்க், ஐடியில இருந்து இதுக்கு வர ஆசைப்படுறவங்க நிறைய. டிசைன், துணி, வெளிநாட்டு பையர்னு நினைச்சு வருவாங்க. நாளோட பெரும்பகுதி துரத்துறதுதான்: நூல், நிட்டிங் (துணி பின்னுறது), டையிங் (சாயம் ஏத்துறது), காம்பேக்டிங் (துணி பின்னால சுருங்காம அமுக்குறது), பிரிண்டிங், லேபிள், அட்டைப்பெட்டி, எல்லாத்துக்கும் தேதி இருக்கும், எல்லாரும் தேதி தவறுவாங்க. ஐரோப்பா நம்மைவிட மூன்றரை நாலரை மணி நேரம் பின்னால. நமக்குச் சாயங்காலம் ஆகும்போதுதான் அங்கிருந்து கமெண்ட் வந்து குவியும். அமெரிக்க பையர்னா ராத்திரி. ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகணும்னா இந்த நாற்காலி ஆகாதுங்க.

துணி பிடிக்கும், துரத்தத்தான் பிடிக்காதுங்கிறவங்களுக்கு குவாலிட்டி பக்கம் சரியா வரும். அங்க வேலை அளந்து சொல்றது. ஜிஎஸ்எம்ங்கிறது ஒரு சதுர மீட்டர் துணியோட எடை, கிராம்ல. அதுக்கான கட்டர் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டும், அது 1.8 கிராம் இருந்தா துணி 180 ஜிஎஸ்எம். ரோல் செக்கிங்குல நாலு புள்ளி முறை: பழுது 3 அங்குலம் வரைக்கும் 1 புள்ளி, 6 வரைக்கும் 2, 9 வரைக்கும் 3, அதுக்கு மேல 4. ஃபைனல் செக்கிங்குல ஏக்யூஎல் அட்டவணை, அதாவது எத்தனை பீஸ் எடுத்துப் பாக்கணும், எத்தனை பழுது வரைக்கும் விடலாம்னு சொல்றது. 1,201-லிருந்து 3,200 பீஸ் வரை உள்ள லாட்டுக்குப் வழக்கமான சோதனை அளவான பொது நிலை இரண்டுல 125 பீஸ் எடுக்கணும், ஏக்யூஎல் 2.5-னா 7 பழுது வரைக்கும் பாஸ், 8 வந்தா ஃபெயில். அந்த எட்டாவது பீஸை மறைக்கச் சொல்லி ஒருத்தர் கட்டாயம் வருவாரு. முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல வருமான்னு யோசிச்சுக்கங்க, கணக்கை யாரும் கத்துக்கலாம்.

லேப் டிப், அதாவது லேப்ல சாயம் போட்ட மாதிரித் துண்டோட நிறத்தைப் பார்க்கிற வேலைக்குக் கண்ணு வேணும். பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்குல சரியா ஒத்துப்போன நிறம் கடை விளக்கான டிஎல்84-ல வேறயாத் தெரியும். சாயம் மாத்துனாத்தான் இது தீரும், வாதாடித் தீராது. சேர்றதுக்கு முன்னால நிறக்குருடு சோதனை பண்ணிக்கிறது நல்லது.

மைக்ரான்:

கோயமுத்தூர்ல சிஎன்சி, விஎம்சிக்கு (கம்ப்யூட்டர் கட்டளையில உலோகத்தைக் கடையற, வெட்டற மெஷின்களுக்கு) மாறி வர்றவங்களுக்கு. ஆப்பரேட்டர், செட்டர் (டூலையும் ஜாப்பையும் பொருத்தித் தயார் பண்றவர்), புரோகிராமர்னு படி ஏறணும், நேரா மூணாவது படியில ஏத்தறதா சொல்ற கோர்ஸை நம்பாதீங்க. கம்ப்யூட்டர்ல சிமுலேஷன் மட்டும் ஓட்டிட்டு வர்றவங்க மெஷின்ல தடுமாறுற இடம் ஆஃப்செட், அதாவது ஒவ்வொரு டூலோட நீளத்தையும் மெஷினுக்குச் சொல்ற எண். டூலைப் பிடிச்சுச் சுத்துற ஸ்பிண்டில்ல இரண்டாம் டூல் இருக்கும், புரோகிராம்ல ஜி43 எச்1-ன்னு முதல் டூலோட நீளம் இருக்கும். இரண்டாம் டூல் நீளமா இருந்தா நேரா ஜாப்புல (வெட்டப் போற துண்டுல) குத்தும். ஸ்பிண்டில் பேரிங் போச்சுன்னா லட்சத்துல செலவு. அதனால முதல் பீஸுக்கு சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு வரியா ஓட்டுறது), ரேபிட் (வெட்டாம நகர்ற வேகம்) 25 சதவீதம், ஜாப்புக்கு மேல 100 மில்லிமீட்டர்ல நிறுத்தி, திரையில இன்னும் போக வேண்டிய தூரமும் கண்ணுக்குத் தெரியற தூரமும் ஒண்ணான்னு பாக்கணும்.

மெஷினுக்குக் கட்டளை எழுதுற ஜி கோடுக்கு முன்னால படிக்க வேண்டியது டிராயிங். அப்புறம் 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கிற வெர்னியரும் 0.01 மில்லிமீட்டர் வரை அளக்கிற மைக்ரோமீட்டர் கருவியும் கையில பழகணும். சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுல பன்னெண்டு மணி நேர ஷிப்ட் சாதாரணம், நின்னுட்டேதான் இருக்கணும், கூலன்ட் பட்டுக் கை அரிக்கிற உடம்பும் உண்டு. ஒரு வாரம் சும்மா கூட நின்னு பாக்கக் கேளுங்க. நைட் ஷிப்ட்டும் பாருங்க.

பல்லடத்து ஷெட்:

'தோட்டம் இருக்குது, வேலையை விட்டுட்டுக் கோழி ஷெட் போட்டுரலாம்'னு கேட்டு வர்றவங்களுக்கு இந்தக் கணக்கு. கறிக்கோழி ஒப்பந்தத்துல குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியோடது. ஷெட், கரண்ட், தண்ணி, தரையில பரப்புற தேங்காய் மஞ்சி, ஆள் நம்மளோடது. கூலி கிலோவுக்கு இவ்வளவுன்னு. 5,000 குஞ்சுக்கு 5,000 முதல் 6,000 சதுரடி. நீளம் கிழக்கு மேற்கா இருக்கணும், இல்லைன்னா சாயங்கால வெயில் நேரா உள்ள விழும். அகலம் 30 அடிக்கு மேல போனா காத்து நடுவுல நிக்கும்.

5 சதவீதம் சாவு போக 4,750 கோழி, சராசரி 2 கிலோன்னா 9,500 கிலோ. கூலி கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறி இறங்குனா பேட்ச்சுக்கு 9,500 ரூபாய் ஏறி இறங்கும். ஆறு வாரம் வளர்ப்பு, ரெண்டு வாரம் ஷெட் சுத்தம்னு காகிதத்துல வருசத்துக்கு ஆறு பேட்ச் வரும். விலை விழுந்தா கம்பெனி குஞ்சு விடுறதைத் தள்ளிப் போடும், அதனால அஞ்சுன்னு வெச்சுக் கடன் தவணை போடுங்க. ஆறுன்னு போட்டவங்கதான் மாட்டிக்கிறாங்க.

முதல் வாரம் குஞ்சு மட்டத்துல 33 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு ரெண்டு மூணு டிகிரி குறைக்கணும். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சைப் பாருங்க. விளக்கடியில குமிஞ்சா குளிரு, ஓரமா ஒதுங்குனா சூடு. சித்திரை வெயில்ல கடைசி வாரக் கோழிதான் சாகும், அதுவும் மத்தியானத்துக்கு மேல. தீனி முழுசும் தின்னுட்டுப் பணமாகிற நேரத்துல போகும். தண்ணியைப் பனி மாதிரித் தெளிக்கிற ஃபாகர் வேணும், அந்த பேட்ச்சுக்கு எண்ணிக்கையையும் குறைச்சுக் கேக்கணும். இதுல தீபாவளி, கல்யாணம், கருமாதி எதுக்கும் லீவு இல்லைங்க. மேனேஜர் தொல்லைன்னு வர்றவங்களுக்கு இங்கயும் வாரத்துக்கு ரெண்டு தடவை கம்பெனி சூப்பர்வைசர் வருவாரு.

கருப்புக்கோட்டு:

சட்டம் படிக்கலாம்னு இருக்கிறவங்களுக்குச் சுருக்கமா. மூணு வருசப் படிப்புக்கு வருகைப்பதிவு உண்டு, வேலையில இருந்துட்டே அஞ்சல்ல படிச்ச பட்டத்துக்குப் பார் கவுன்சில்ல பதிவு கிடைக்காது. பதிவு பண்ணின பிறகு முழுநேரச் சம்பள வேலையில இருக்கவும் கூடாது. முதல் சில வருசம் வருமானத்தை நம்ப வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

ராஜினாமா கடிதத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை. வீட்டுக் கடன் தேவைப்பட்டால் இப்போதே விண்ணப்பியுங்கள். சம்பளச் சீட்டு நின்ற மறுமாதம் வங்கியின் பேச்சு மாறிவிடும். கம்பெனியின் குரூப் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிகிறது. அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனி பாலிசியாக மாற்றிக் கேட்டால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷருக்கான காத்திருப்புக் காலத்தில் கழிந்ததைக் கணக்கில் எடுப்பார்கள். வேலையை விட்ட பிறகு புதிதாக எடுத்தால் அந்தக் காத்திருப்பு மூன்று ஆண்டு வரை இருக்கலாம்.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) நிரந்தரப் பணியாளருக்கு ஐந்து ஆண்டு முடிந்திருந்தால் வரும்: கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து, அதை 15/26 ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 20,000 ரூபாய், 6 ஆண்டு என்றால் சுமார் 69,230. நாலே முக்கால் ஆண்டில் கோபித்துக்கொண்டு கிளம்புபவர்கள் தேதியை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

பிஎஃப் பணத்தை ஷெட்டிலோ மெஷினிலோ போடத் தோன்றும். தொடர்ந்து ஐந்து ஆண்டு சர்வீஸ் ஆகாமல் எடுத்தால் வரி உண்டு. ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு சேர வேண்டும், ஆகவே அடுத்த வேலை இருந்தால் மாற்றிக்கொள்வதே மேல்.

மானியம் பற்றி ஒன்று. பிஎம்இஜிபி (சிறுதொழில் தொடங்க மத்திய அரசு தரும் மானியக் கடன்) போன்ற திட்டங்களில் மானியம் கைக்கு வருவதில்லை, மூன்று ஆண்டு வங்கியிலேயே நிற்கும். முதல் முறை புதுத் தொழிலுக்குத்தான் தருவார்கள். முதலில் ஷெட் போட்டுவிட்டு விண்ணப்பித்தால் போயிற்று. மாவட்டத் தொழில் மையத்தில் நடப்பு விதியைக் கேட்ட பிறகு அஸ்திவாரம் தோண்டுங்கள்.

நொய்யல்கரை:

நோட்டீஸ் காலத்தைப் பணம் கட்டி முடிச்சுக்கலாமான்னு நிறையப் பேரு கேக்கறாங்க, அதையும் சொல்லிருங்க அண்ணா.

கணக்குப்பிள்ளை:

நியமனக் கடிதத்தில் அந்த வாசகம் இருந்தால் முடியும். எப்படி வெளியே வந்தாலும் ரிலீவிங் கடிதத்தைக் கையில் வாங்குங்கள், பிஎஃப் கணக்கில் விலகிய தேதி ஏறிவிட்டதா என்று பாருங்கள். கம்பெனி ஏற்றாமல் விட்டால், கடைசிச் சந்தா மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து பிஎஃப் உறுப்பினர் எண்ணான யூஏஎன் தளத்தில் நீங்களே பதியலாம். ஆதாரோடு இணைந்த போன் நம்பர் உயிரோடு இருக்க வேண்டும். கம்பெனி கொடுத்த சிம்மை அதில் இணைத்திருந்தால், திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே மாற்றுங்கள்.