ஜன் ஔஷதி பிபி மாத்திரையை நம்பலாமா?

மாட்டுங்காவாசி:
அப்பாவுக்கு 71 வயது. பத்து வருடமாகப் பிபிக்கு டெல்மிசார்ட்டன் 40, கம்பெனி மாத்திரை. மாதம் 220 ரூபாய். மே மாதம் ஜன் ஔஷதிக்கு, அதுதான் மத்திய அரசுத் திட்டத்தின் மலிவு மருந்துக்கடை, மாறினோம், செலவு கால்வாசிகூட இல்லை. ஆகஸ்டில் பிபி 160/95! 2018-ல் இதே வகை பிபி மருந்தான வால்சார்ட்டனில் புற்றுநோய்க் கலப்படம் என்று உலகமெங்கும் திரும்பப் பெற்றார்களே, மறந்துவிட்டதா? மலிவு மாத்திரையே வேண்டாம்.

தாராவித்தம்பி:
அண்ணே, உங்களுக்கு 220 பெரிதில்லை. எங்கள் தெருவில் காசு பார்த்து ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிடவா இது ஆபத்து?

செம்பூர்அக்கா:
இருபது வருடம் மருந்துக்கடை நடத்தியவள் சொல்கிறேன். அது கலப்படம் இல்லை தம்பி, என்டிஎம்ஏ என்ற மாசு. மூலப்பொருள் செய்த சீனக் கம்பெனி செய்முறையை மாற்றியதால் வந்தது. அவர்களிடம் வாங்கிய பெரிய கம்பெனிகளும் மாட்டின. அப்புறம், உங்கள் ‘கம்பெனி மாத்திரை’யும் ஜெனரிக்தான், அதாவது ஒருவர் கண்டுபிடித்த மருந்தை வேறு கம்பெனி செய்வது; இது பெயர் வைத்த ஜெனரிக். இந்த வகை மருந்துக்கு லைசென்ஸ் கேட்டால், முதலில் கண்டுபிடித்தவரின் மருந்தைப் போலவே ரத்தத்தில் சேருகிறது என்று காட்ட வேண்டும் என 2017-லேயே விதி வந்துவிட்டது.

மாட்டுங்காவாசி:
விதி சரி அக்கா, சோதிப்பது யார்? மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் போடும் தரமில்லாத மருந்துப் பட்டியலில் 2024-ல் டெல்மிசார்ட்டனும் வந்தது.

செம்பூர்அக்கா:
வந்தது. பெயர்பெற்ற பிராண்டுகளும் கூடவே வந்தன. அது இருக்கட்டும், அப்பா மாத்திரையை எங்கே வைக்கிறார்?

மாட்டுங்காவாசி:
அட்டையைப் பிரிக்கச் சிரமப்படுகிறார் என்று ஜூனில் வார டப்பா வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை நான் ஏழு நாளைக்கும் போட்டு வைப்பேன்.

செம்பூர்அக்கா:
பம்பாய் மழையில், திறந்த டப்பாவிலா! டெல்மிசார்ட்டன் ஈரத்தை இழுக்கும். விழுங்கப் போகும்போதுதான் அட்டையைக் கிழிக்க வேண்டும். அதுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் மாத்திரையும் மாறியது, டப்பாவும் வந்தது. பழியை மட்டும் ஒன்றின் மேல் போடுகிறீர்கள்.

தாராவித்தம்பி:
அக்கா, என் அம்மாவும் டப்பாதான். இப்போதே போய்ப் பார்க்கிறேன்.

மாட்டுங்காவாசி:
டப்பாவை எடுத்துவிட்டேன். ஆனாலும் டாக்டரிடம் சொல்லிப் பழைய மாத்திரைக்கே போகிறோம். அப்பா விஷயத்தில் பரிசோதனை செய்ய எனக்கு மனம் வரவில்லை.

செம்பூர்அக்கா:
போங்கள், தப்பில்லை. புதிது வாங்கும்வரை இருப்பதை நிறுத்திவிடாதீர்கள். காலையும் மாலையும் அளந்து எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். இந்த மருந்து போடுகிறவர்கள் பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனை, பொட்டாசியமும் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும், பார்த்து எவ்வளவு நாளாகிறது?

மாட்டுங்காவாசி:
போன தீபாவளிக்கு முன்னால். இந்த வாரமே எடுத்துவிடுகிறேன்.