மேஜர் பாப் காத்திங் அரசியல்வாதியா, அதிகாரியா?

தக்கலை வாசகர்:
குளச்சல் போரில் 1741-இல் பிடிபட்டு, பின்பு திருவிதாங்கூர்ப் படையையே நடத்திய டச்சுத் தளபதி டிலனாயைப் பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் பேசியபோது, பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து எல்லைப்புற அரசியலுக்கு வந்த மணிப்பூரின் பாப் காத்திங் பெயரும் எழுந்தது. அவர் மக்கள் தேர்ந்தெடுத்தவரா, அரசு அனுப்பிய அதிகாரி மட்டும்தானா?

நாகர்கோவில் ஆசிரியர்:
இரண்டும்தான். உக்ருல் பகுதித் தாங்குல் நாகரான அவர், இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் உளவறிய ஆங்கிலேயர் அமைத்த வி படையில் (V Force) சேர்ந்து, சீருடையைக் களைந்துவிட்டுத் தாங்குல் வழக்கப்படி முடிவெட்டிச் சிவப்புப் போர்வையுடன் ஜப்பானியர் நடமாட்டத்தை உளவறிந்து, மிலிட்டரி கிராஸ் என்னும் பிரிட்டிஷ் வீர விருதைப் பெற்றார். மணிப்பூர் மன்னராட்சியின் 1947 இடைக்கால அமைச்சரவையில் மலைப்பகுதிகளின் பொறுப்பை ஏற்றார். 1948 தேர்தலிலும் வென்றார். மணிப்பூர் 1949-இல் இந்தியாவுடன் இணைந்ததும், அத்தேர்தலுக்குப் பின் அமைந்த அமைச்சரவை கலைந்தது.

மார்த்தாண்டம் முன்னாள் படைவீரர்:
ஆசிரியர் ஐயா சொன்னதற்குப் பின்தான் அவருடைய பெரிய பணி வருகிறது. 1951-இல் அரசு அதிகாரியாக, ஏறத்தாழ 200 அசாம் ரைபிள்ஸ் வீரர்களுடன் பனிமூடிய சேலா கணவாயைக் கடந்து, இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் திபெத் எல்லையருகே உள்ள தவாங் சென்ற அவர், ஊர்ப் பெரியவர்களை அழைத்துப் பேசி, திபெத்திய அதிகாரிகள் அங்கு வரி வசூலிப்பதை நிறுத்தச் செய்து, ஒரு குண்டுகூடச் சுடாமல் இந்திய நிர்வாகத்தை நிறுவினார். படை நடத்தத் தெரிந்தவர் பலர். மலைமக்களிடம் பேசத் தெரிந்த தளபதி அபூர்வம் என்பதே என் கருத்து. பிற்பாடு பர்மாவுக்கு இந்தியத் தூதராகவும் சென்றார்.

தக்கலை வாசகர்:
மிக்க நன்றி. அடுத்த கூட்டத்தில் தவாங் பயணத்தையே தனித் தலைப்பாக எடுத்துக்கொள்கிறோம்.