கட்டட வேலை சைட்டில் போய்த்தான் புரிந்தது என்று உங்களுக்கு எது உண்டு?

கடைசிபெஞ்ச்:
சிவில் படிப்பில் மூன்றாம் ஆண்டு, பால்கனிக்குக் கம்பி கட்டுகிற நாள். கான்டிலீவர் (ஒரு முனை மட்டும் சுவரில் பிடித்து, மறுமுனை அந்தரத்தில் நீட்டி நிற்பது) கணக்கில் முழு மதிப்பெண் வாங்கிய திமிரில், "மெயின் கம்பி மேல போயிடுச்சே, மாத்திக் கட்டிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கம்பி கட்டுகிற பெரியவர் சிரிக்கவில்லை. "கைய நீட்டுங்க தம்பி" என்று சாந்துச் சட்டியை என் விரலில் மாட்டினார். "எங்க இழுக்குது?" தோளின் மேல்பக்கம் இழுத்தது. "அங்கதான் கம்பி."

உறுத்துவது அது இல்லை. அடுத்த மாதம் வேறொரு வீட்டில் சன்ஷேடு போட்டார்கள்; அதுவும் பால்கனி மாதிரி நீட்டி நிற்பதுதான். கான்கிரீட் சுமந்தவர்கள் அந்த மேல் கம்பியை மிதித்து மிதித்துப் பலகையோடு படியவைத்துவிட்டார்கள். தூக்கிவிட ஆளில்லை. படிக்கிற பையன் சொன்னால் யார் கேட்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். இன்றும் அந்தத் தெருவில் போனால் எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கிறேன்.

முட்டுக்கம்பு:
பாதிக் கதைதான் சொல்கிறீர்கள். கம்பி சரியாக இருந்தும் விரிசல் விட்டதைப் பார்த்தவன் நான். கான்கிரீட்டை அடியில் தாங்கும் முட்டுக்கம்புகளில் சுவரோரத்தில் இருந்ததை முதலில் தட்டிவிட்டார்கள், நுனி முட்டு அப்படியே நின்றது. இரண்டு பக்கமும் தாங்கினால் அடியில்தானே இழுக்கும்? அங்கே கம்பி ஏது? எப்போதும் நுனியிலிருந்து சுவரைப் பார்த்துப் பிரித்து வர வேண்டும். மேல் கம்பியை அடியிலிருந்து தாங்கும் சேர் (நாற்காலி) கம்பி கட்டாயம் வையுங்கள், மிதித்தாலும் அமுங்காது. கம்பி பலகையில் ஒட்டாமல் இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியைச் சொருக விடாதீர்கள். சாதாரணத் தளத்துக்கே ஐஎஸ் 456 என்கிற இந்தியக் கான்கிரீட் விதிநூல் கணக்குப்படி, தாங்கலுக்குத் தாங்கல் 4.5 மீட்டர் வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். அதுவும் ஒழுங்காகத் தண்ணீர் காட்டியிருந்தால். அப்புறம், கலவை இறுகிவிட்டது என்று அதில் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிடுகிற மேஸ்திரியை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

மொட்டைமாடி:
அண்ணா, இங்கே யாரும் வீடு கட்டவில்லை :) எங்கள் தாத்தா வீடு மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களுக்கு மேல் சின்னச் செங்கலைக் குத்துவாட்டில், கோணலாக, சுண்ணாம்பு வைத்து அடுக்கியிருப்பார்கள். ஒழுகுகிறது என்று மேலே சிமென்ட் பூசினோம். ஈரம் உள்ளேயே அடைந்துகொண்டது. சில வருடம் கழித்து உத்தரத்தைச் சாவியால் குத்திப் பார்த்தேன். சாவி முழுதாக உள்ளே போனது.

கடைசிபெஞ்ச்:
சாவியா! அந்த அறையில் யாராவது படுத்திருந்தார்களா?

மொட்டைமாடி:
பாட்டி.