மறு: ‘கியர் லீவர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> கார் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். ‘கியர் லீவர்’ வருமிடமெல்லாம் ‘பல்லிணை மாற்று நெம்புகோல்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

வணக்கம்.

வண்டியில் இருப்பது நெம்புகோலாக இருந்தால் சரி. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது வட்டக் குமிழ். அதை நெம்புகோல் என்று எழுதினால் படிக்கிறவர் ஸ்டெப்னி மாற்றும் இடத்தில் போய்த் தேடுவார்.

‘பல்லிணை’ மீது எனக்குக் கோபமில்லை. மெக்கானிக்கும் ‘பல்லு போச்சு’ என்றுதான் சொல்கிறார். செலவு எவ்வளவு என்று நமக்கும் உடனே புரிந்துவிடுகிறது. ஆனால் ஆட்டோமேட்டிக் வண்டியில் ஓட்டுகிறவர் பல்லிணையை மாற்றுவதே இல்லை. முன்னே போகணும், பின்னே போகணும், சும்மா நிற்கணும் என்று சொல்வதோடு அவர் வேலை முடிந்தது. புதிய வண்டிகள் பலவற்றில் கைக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே தண்டும் இல்லை, இழுவைக் கேபிளும் இல்லை; மின்குறிப்பு மட்டும் போகிறது. மின்காரிலோ பெரும்பாலும் மாற்றுவதற்கு இரண்டாவது கியரே கிடையாது.

> குதிரைக்கு ஐந்து கதி சொல்வார்கள். காருக்கும் ஐந்து கியர். ‘கதிமாற்றி’ எனலாமே?

ரசித்தேன். ஆனால் ‘கதி கலங்கியது’, ‘அதோகதி’ எல்லாம் நினைவுக்கு வருகிற சொல்லை, வால்பாறை மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறப்போகிறவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

என் மாமா முப்பது வருடம் வாடகைக் கார் ஓட்டியவர். அம்பாசிடரில் தொடங்கினார். அதில் ஸ்டீயரிங் தண்டிலேயே கியர், முன்சீட்டில் மூன்று பேர். போன மாதம் உறவினர் ஒருவரின் மின்காரை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தோம். சிக்னலில் நின்றதும் அவர் இடது கை தானாகக் கீழே இறங்கி, காற்றைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டியது. நியூட்டரில் விழுந்துவிட்டதா என்று கியர் ராடை ஆட்டிப் பார்க்கிற பழக்கம். ராடு இல்லை, குமிழ்தான் விரலில் தட்டுப்பட்டது. குனிந்து திரையைப் பார்த்தார். “ஏன் கண்ணு, வண்டி எதுல நிக்குதுன்னு கைக்குத் தெரிய வேண்டாமா? படிச்சுப் பாத்தா தெரிஞ்சுக்கோணும்?”

எனக்கு இந்த விவாதமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. குமிழை விரும்புகிறவர்கள் இரண்டு சீட்டுக்கு நடுவே இடம் மிச்சமாவதைச் சொல்வார்கள், நியாயம்தான். கோலை விரும்புகிறவர்களுக்கு வேண்டியது, கண் சாலையில் இருக்கும்போதே கை அறிந்துகொள்வது. நான் இரண்டாம் கட்சி. சொல் அமைக்கும்போதும் கட்சி மாற முடியவில்லை.

பொத்தான் கியர் புதிதல்ல. கிரைஸ்லர் வண்டிகளில் 1956 முதல் 1964 வரையிலான மாடல்களில் டாஷ்போர்டில் பொத்தான்கள் இருந்தன. ஃபோர்டு நிறுவனம் 1958 எட்செல் காரில் அவற்றை ஸ்டீயரிங்கின் நடுவிலேயே பதித்தது. அங்கே ஹாரன் அடித்துப் பழகிய கைகள் கியரை அமுக்கின.

பெயர் சரியாக அமையாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். 2014, 2015 ஜீப் கிராண்ட் செரோகீ மாடல்களில் இருந்தது பார்வைக்கு வழக்கமான கோல். ஆனால் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் நடுவுக்கே திரும்பிவிடும். வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதை எழுத்து விளக்கு மட்டும் காட்டும். ‘பி’யில், அதாவது வண்டி உருளாமல் பூட்டி நிறுத்தும் ‘பார்க்’ நிலையில், போட்டாயிற்று என்று நம்பி இறங்கியவர்களின் வண்டிகள் உருண்டன. 2016 ஏப்ரலில் ஃபியட் கிரைஸ்லர் இந்தக் கோல் பொருத்திய சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அந்த ஜூனில், நடிகர் ஆன்டன் யெல்சின் தன் வீட்டு வண்டிப்பாதையில், தன் ஜீப்பே உருண்டுவந்து நசுக்கி இறந்தார். வயது 27. பிறகு கொடுத்த மென்பொருள், ஓட்டுநர் கதவைத் திறந்தால் வண்டி தானே ‘பி’க்குப் போகும்படி செய்தது. 2016 மாடலில் கோலையே மாற்றிவிட்டார்கள்.

போட்ட இடத்தில் நிற்கிற கோலும், விட்டால் ஓடிவருகிற கோலும் கைக்கு இரண்டு வேறு பொருள்கள். கடையிலும் பேச்சிலும் இரண்டுக்கும் ஒரே பெயர். நாம் பிரித்துவைப்போம்: நில்கோல், மீள்கோல்.

பொதுப்பெயருக்கு என் பரிந்துரை ‘தேர்’ என்ற வினை. எழுதுகோல், தூண்டுகோல் போலத் தேர்கோல். உருவம் மாறினால் தேர்குமிழ், தேர்பொத்தான். ஸ்டீயரிங் தண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பது தேர்காம்பு. கிளட்ச் மிதித்துக் கையால் மாற்றுகிற வண்டிக்குப் பழைய ‘கியர்கோல்’ போதும், அங்கே நிஜமாகவே கியரை மாற்றுகிறோம். ‘கியர்’ தமிழாகி இரண்டு தலைமுறை ஆயிற்று, அதைத் துரத்த வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் கையேடு ஏஎம்டி வண்டிக்கும் (மேனுவல் கியர்பெட்டிதான், ஆனால் கிளட்சையும் கியரையும் வண்டியே மாற்றிக்கொள்ளும்) சேர்த்தா? 2014-ல் வந்த மாருதி செலேரியோ ஏஎம்டியில் ‘பி’ கிடையாது. ‘பி நிலையில் வைக்கவும்’ என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள், அங்கே ஹேண்ட்பிரேக்தான்.

*

> பொதுப்பெயருக்கு என் பரிந்துரை ‘தேர்’ என்ற வினை.

அக்கா, மீள்கோல் எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. கொழும்பில் நான் ஓடுறது பிரியஸ். டாஷ்போர்டில் சின்னக் கோல், கையை விட்டதும் நடுவுக்கு வந்திடும். ‘பி’ தனிப் பொத்தான். அதுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் இல்லை. ஆறு வருசமாச்சு, இப்பவும் இறங்க முதல் ஒருக்கா எழுத்தைப் பார்த்துத்தான் இறங்குவன்.

ஆனால் தேர்கோல் என்றதும் எனக்கு நல்லூர்த் தேர்தான் கண்ணில வருது. கையேட்டைப் படிக்கிற ஆட்களுக்கும் அப்படித்தானே வரும்?

*

வரும். எனக்கும் முதலில் வந்தது. ஆனால் வடம் பிடிக்கிற தேராக இருந்தால் நடுவில் ஒற்று மிகுந்து ‘தேர்க்கோல்’ ஆகியிருக்கும். இது வினைத்தொகை, ஒற்று மிகாது. அச்சகத்தில் யாராவது கைகூசாமல் ஒரு ‘க்’ சேர்த்துவிடுவார்களே என்றால், சேர்ப்பார்கள். மெய்ப்பில் பார்த்து எடுக்க வேண்டியதுதான். முதல்முறை வரும்போது ‘கியர் தேர்கோல்’ என்று முழுதாகப் போட்டால் கோயிலுக்குப் போன மனம் வண்டிக்குத் திரும்பிவிடும்.

‘போக்குத்தேர்வி’ என்று தனிமடலில் ஒருவர் அனுப்பியிருக்கிறார். போக்கும் வரத்தும் சேர்ந்தே போக்குவரத்து என்பதால் முன்னே பின்னே இரண்டுக்கும் பொருந்தாது. அதோடு ‘போக்குக்கோல்’, ‘போக்குக்குமிழ்’ என்று மூன்று முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள்.

எனக்குத் தீராத சிக்கல் காம்புதான். 2005-ல் வந்த பென்ஸ் எஸ் கிளாஸ் முதல் இப்போதைய மின்கார்கள் வரை கியரைக் காம்பில் வைக்கிறார்கள். பழக்கமில்லாதவர் வைப்பர் போடப் போய் அதைத் தட்டுவார். விளக்குக்காம்பு, வைப்பர்காம்பு, தேர்காம்பு என்று ஒரே பக்கத்தில் மூன்று காம்பு வரும்போது அவசரத்தில் படிப்பவர் தடுமாறுவாரா? கையேட்டின் அந்தப் பக்கத்தை இங்கே போடுங்கள். ஓட்டத் தெரிந்த இரண்டு பேரும் தெரியாத இரண்டு பேரும் படித்துப் பார்த்துச் சொல்லட்டும். தெரிந்தவர்களில் ஒருவராக மாமாவை உட்கார வைக்கிறேன்.