'எஸ்தரா' என்று பதில் வந்தால் இப்போது இருக்கிறதா, இனிமேல்தான் வருமா?

அடையாறு வாசகி:
வணக்கம். மாட்ரிட் அணியோடு சேர்ந்து வேலை செய்கிறேன். ஸ்பானிஷில் ஏ2 நிலை முடித்து பி1 நிலை தொடங்கியிருக்கிறேன். விலைப்பட்டியல் கோப்பு எங்கே என்று அங்கே ஒருவரிடம் கேட்டேன். "எஸ்தரா என் லா கார்பேத்தா கொம்பர்தீதா" என்று ஒரே வரியில் பதில் வந்தது. பகிர்ந்த ஃபோல்டரில் என்பது புரிகிறது. எஸ்தார் (இருத்தல்) வினையின் எதிர்காலம் எஸ்தரா என்பதும் தெரியும். அப்படியானால் இனிமேல்தான் போடப் போகிறாரா? காத்திருப்பதா, இப்போதே தேடுவதா? என் பாடப்புத்தகத்தில் 'மஞ்ஞானா எஸ்தரே என் செவீயா' (நாளை செவீயாவில் இருப்பேன்) மாதிரியான வாக்கியங்கள்தான் இருக்கின்றன.

நீலவானம்:
எதிர்காலம் என்றால் இனிமேல் நடப்பதுதானே. சாயங்காலம் வரை பொறுத்துப் பாருங்கள்.

குறிஞ்சி:
பொறுக்க வேண்டாம், இப்போதே தேடுங்கள். இது ஊகத்துக்கு வரும் எதிர்காலம். ஸ்பானிஷ்காரர்கள் நாள் முழுக்கப் பேசுவது, ஆனால் ஆரம்பப் பாடங்களில் பின்னால்தான் வரும்.

நம்மிடம் அப்படியே இருக்கிறது. "அப்பா எங்கே?" என்று கேட்டால் "கடையில் இருப்பார்" என்கிறோம். நாளைக்கு இருப்பார் என்றா அர்த்தம்? இந்நேரம் அங்கேதான் இருக்க வேண்டும், ஆனால் நான் பார்க்கவில்லை என்று அர்த்தம். எஸ்தராவும் அதுதான். 'செரான் லாஸ் த்ரேஸ்' என்றால் மணி மூன்று இருக்கும். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்பவர் 'சோன் லாஸ் த்ரேஸ்' என்று நிகழ்காலத்தில் சொல்வார்.

உங்கள் நண்பர் ஃபோல்டரைத் திறந்து பார்த்திருந்தால் 'எஸ்தா' என்று எழுதியிருப்பார். தானே பிறகு ஏற்றித் தருவதாக இருந்தால் 'லுவேகோ லோ சூபோ' (பிறகு ஏற்றுகிறேன்) என்பதுதான் இயல்பான பேச்சு. இரண்டும் இல்லாமல் எஸ்தரா வந்ததால், பார்க்காமல் நினைவில் இருந்து சொல்கிறார். கிடைக்காவிட்டால் தயங்காமல் திரும்பக் கேளுங்கள், அவரும் உறுதி சொல்லவில்லை.

கடலோரம்:
குறிஞ்சி சொல்வது சரி. மெக்சிகோக்காரர்களோடு பல வருடம் வேலை செய்ததில் கவனித்ததைச் சேர்க்கிறேன். நிஜமாகவே நாளை நடப்பதற்கு அவர்கள் பேச்சில் 'வா ஆ எஸ்தார்' (இருக்கப் போகிறது) என்ற வடிவம்தான் அதிகம். அதனால் வெறும் எஸ்தரா காதில் விழுந்தால் முதலில் ஊகமா என்று பாருங்கள். பக்கத்தில் மஞ்ஞானா (நாளை) மாதிரி ஒரு காலச் சொல் இருந்தால் அது உண்மையான எதிர்காலமாக இருக்கலாம். கேள்வியிலும் இது உண்டு. 'தோந்தே எஸ்தா?' என்பது நேரடியாக உங்களைக் கேட்பது. 'தோந்தே எஸ்தரா?' என்றால் "எங்கேதான் இருக்கும்?" என்று தனக்குள் யோசிப்பது. பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை.

அடையாறு வாசகி:
கோப்பு கிடைத்துவிட்டது! பழைய ஃபோல்டருக்குள் இருந்தது. மிக்க நன்றி. அப்படியென்றால் தமிழில் 'இருக்கும்', 'இருப்பார்' வரும் இடத்தில் எல்லாம் எஸ்தரா போட்டுவிடலாமா?

குறிஞ்சி:
கூடாது, இங்கேதான் தமிழர்கள் நிறைய தடுக்கி விழுகிறோம். நம்முடைய ஒரே 'இருக்கும்' அங்கே நாலாகப் பிரிகிறது. "அவனுக்கு இருபது வயது இருக்கும்" என்றால் 'தெந்த்ரா வேய்ந்தே அஞ்ஞோஸ்'. வயதுக்குத் தெனேர் வினைதான். "கடையில் கூட்டம் இருக்கும்" என்றால் 'அப்ரா ஹெந்தே', அதாவது அபேர் வினை. கூட்டம் எங்கே என்பது கேள்வி இல்லை, உண்டா இல்லையா என்பதுதான். மீட்டிங், விழா எங்கே நடக்கும் என்பதற்குச் செர் வினையின் செரா: 'லா ரெயுனியோன் செரா என் லா சாலா' (மீட்டிங் அறையில் நடக்கும்). கோப்பு, ஆள், சாவி என்று ஏற்கெனவே தெரிந்த ஒன்று எங்கே, எப்படி இருக்கிறது என்பதற்கு மட்டும் எஸ்தரா.

இதைவிடப் பெரிய ஆபத்து வழக்கத்தைச் சொல்லும் 'இருப்பார்'. "காலையில் தினமும் இங்கேதான் இருப்பார்" என்று தமிழில் எதிர்கால வடிவத்தில் சொல்கிறோம். ஸ்பானிஷில் இதற்கு எஸ்தரா வரவே வராது. 'எஸ்தா' அல்லது 'சுவேலே எஸ்தார்' என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் முடிந்துபோனதைப் பற்றிய ஊகத்தில் தமிழே கைகொடுக்கும். "கிளம்பியிருப்பார்" என்றால் 'அப்ரா ஸலீதோ'. "அப்போது களைப்பாக இருந்திருப்பார்" என்றால் 'எஸ்தரீயா கான்ஸாதோ'. நம் 'இருப்பார்', 'இருந்திருப்பார்' வேறுபாட்டையே பிடித்துக்கொண்டு போகலாம்.

அடையாறு வாசகி:
அருமை. கடைசியாக ஒன்று. "நீங்கள் வீட்டில் இருக்கும்போது கூப்பிடுங்கள்" என்பதற்கு 'குவாந்தோ எஸ்தராஸ்' என்று எழுதினேன், ஆசிரியர் அடித்துவிட்டார். அது எதிர்காலம்தானே?

கடலோரம்:
பொருள் எதிர்காலம்தான், வடிவம் வராது. இனி நடக்கப்போவதைக் குறிக்கும் குவாந்தோவுக்குப் பின் சப்ஹுந்தீவோ (இன்னும் நடக்காதது, விருப்பம், சந்தேகம் போன்றவற்றுக்கு வரும் தனி வினை வடிவம்) வர வேண்டும்: 'குவாந்தோ எஸ்தேஸ் என் காஸா, யாமாமே'. "நாளை வீட்டில் இருந்தால்" என்பதற்கு 'சி எஸ்தாஸ் என் காஸா மஞ்ஞானா'. 'சி' நிபந்தனைக்குப் பின் வெறும் நிகழ்காலம் போதும். 'குவாந்தோ' கேள்வியாக வந்தால் மட்டும் எதிர்காலம் தாராளமாக வரலாம்: 'குவாந்தோ எஸ்தராஸ் என் காஸா?' எழுதும்போது அந்தக் கேள்விச் சொல்லின் 'a' எழுத்து மேல் குறி போட மறக்காதீர்கள், இரண்டையும் எழுத்தில் பிரித்துக் காட்டுவது அந்தக் குறிதான்.