2019 கெடு முடிந்த பிறகும் பி.பி.ஐ. காசு கேட்கலாமா?

ஹரோவாசி:

வணக்கம். பழைய ஃபைலைக் கிளறேக்க, என்ர இரண்டு கணக்குகளில் பி.பி.ஐ. காப்புறுதிக்கு (வருத்தமோ வேலையிழப்போ வந்தால் கடன் தவணையைக் கட்டுற காப்புறுதி) காசு கழிச்சிருக்கிறது தெரிஞ்சுது. (இங்கிலாந்துக் கணக்குகள்.)

முதலாவது, 2005இல் எடுத்து 2010இல் கட்டி முடிச்ச லோன். 2018இல் வங்கியே கடிதம் போட்டு, தாங்கள் எடுத்த கொமிஷன் கூடிப்போச்சு என்று ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. இரண்டாவது கிரெடிட் கார்ட். 2003இல் தொடங்கினது. 2009 வரை மாசாமாசம் காப்புறுதி கழிச்சிருக்கு. கணக்கை மூடினது 2022 கடைசியில். கார்டுக்கு இதுவரை எந்த முறைப்பாடும் செய்யேல்லை.

2019 ஓகஸ்டோட எல்லாம் முடிஞ்சுது என்றுதான் இருந்தன். இப்ப ஒரு கம்பனி ஃபோன் எடுத்து, "இரண்டுக்கும் முழுக்காசும் எடுத்துத் தாறம், கையெழுத்து மட்டும் வையுங்கோ" என்குது. நம்பலாமா?

கடன்கணக்கு:

முடிந்தது முறைப்பாட்டுக்கான கெடு. வழக்குப் போடுவதற்கான காலம் தனிக் கணக்கு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் அந்தக் கம்பனிகள் பிழைக்கின்றன.

2019 ஓகஸ்ட் 29க்குப் பிறகு "பி.பி.ஐ.யைத் தவறாக விற்றீர்கள்" என்று வங்கிக்கு எழுதினால் எடுக்கமாட்டார்கள், வங்கி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்பட்ஸ்மனும் எடுக்கமாட்டார். விதிவிலக்குகள் குறைவு: 2017 ஓகஸ்ட் 29 அல்லது அதற்குப் பிறகு விற்ற பொலிசி, இன்னும் நடப்பில் உள்ள பொலிசியில் கிளெய்ம் கேட்டு, அதன் நிபந்தனைகளைக் காட்டி மறுக்கப்பட்டால், கடும் நோய் போன்ற காரணத்தால் கெடுவைத் தவறவிட்டிருந்தால். உங்களுக்கு ஒன்றும் பொருந்தவில்லை.

நீதிமன்றத்தில் இன்னும் உயிரோடு இருப்பது, காப்புறுதிக் கட்டணத்தில் வங்கி மறைத்து எடுத்த கொமிஷன் மட்டும்தான். 2014 நவம்பரில் வந்த பிளெவின் எதிர் பரகன் தீர்ப்பு இதற்கு அடிப்படை. பிளெவின் என்பவர் பரகன் நிறுவனத்திடம் எடுத்தது 34,000 பவுண் கடன், அதன் மேல் 5,780 பவுண் காப்புறுதிக் கட்டணம். கடன் 10 வருடத்துக்கு, காப்புறுதியோ 5 வருடத்துக்கு மட்டும்! அந்தக் கட்டணத்தில் 71.8 வீதம் கொமிஷனாகப் போனதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 140ஏ பிரிவின்படி இது கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான நியாயமற்ற உறவு என்றது உச்ச நீதிமன்றம்.

எவ்வளவு காலத்துக்குள் கேட்கலாம் என்பதை 2023இல் வந்த இரண்டு தீர்ப்புகள் தெளிவாக்கின.

ஸ்மித் வழக்கு, ஒக்டோபர்: வழக்குப் போடுவதற்கான 6 வருடத்தைக் காப்புறுதி நின்ற நாளிலிருந்து எண்ணக்கூடாது, கடன் உறவு முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அந்தப் பெண்மணி காப்புறுதிக் கட்டணம் கட்டியது 2006 வரைதான். கார்ட் முடிந்தது 2015இல், வழக்குப் போட்டது 2019இல். செல்லும் என்றார்கள்.

பொட்டர் வழக்கு, நவம்பர்: 3,834 பவுண் கட்டணத்தில் 95 வீதத்துக்கு மேல் கொமிஷன். வங்கி வேண்டுமென்றே மறைத்தது என்பதால், அவர் அதை அறியும் வரை 6 வருடம் ஓடத் தொடங்காது என்றார்கள்.

இனி உங்கள் கணக்கு. லோன்: 2018 கடிதத்தோடு மறைப்பு கலைந்துவிட்டது, எனவே பொட்டர் வழியில் பார்த்தாலும் 2024இல் கதை முடிந்தது. அதில் ஒரு பவுணும் செலவழிக்காதீர்கள். கார்ட்: ஸ்மித் வழியில் 2028 கடைசி வரை நேரம் இருக்கிறது. 140ஏ நடைமுறைக்கு வந்த 2007க்கு முந்திய ஒப்பந்தம் என்றாலும் 2008 ஏப்ரல் 6இல் அது நடப்பில் இருந்தபடியால் அது பொருந்தும். அந்தத் திகதிக்கு முன்பே கட்டி முடித்த கடன்களுக்கு இந்தக் கதவு இல்லை. நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ.யின் ஒழுங்குக்குள் வரும் வீட்டு மோட்கேஜுக்கும் இல்லை.

பழைய_ஸ்டேட்மென்ட்:

கையெழுத்து வைக்க முதல் எஸ்.ஏ.ஆர். போடுங்கோ, அதாவது உங்களைப் பற்றி வங்கி வைத்திருக்கிற தரவைக் கேட்கிற விண்ணப்பம். இலவசம். ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும், சிக்கலானது என்றால் இன்னும் இரண்டு மாதம் எடுக்கலாம். "உங்களிடம் உள்ளதெல்லாம் தாருங்கள்" என்று பொதுவாக எழுதினால் மின்னஞ்சல் குப்பைதான் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கோ: கடன் ஒப்பந்தப் பிரதி, தொடக்கம் முதல் எல்லா ஸ்டேட்மென்ட்களும், கழித்த ஒவ்வொரு காப்புறுதித் தொகையும் திகதியும், காப்புறுதிக் கம்பனியின் பெயர், வங்கி எடுத்த கொமிஷனும் இலாபப் பங்கும் எத்தனை வீதம் என்பது. கடைசி விபரம் உங்கள் தரவு அல்ல என்று மறுக்கக்கூடும். அப்போது அதை வழக்குக்கு முந்திய கடிதத்தில் கேட்கலாம்.

பிந்த வேண்டாம். கணக்கு மூடி 6 வருடம் போல ஆனதும் பலர் பதிவுகளை அழித்துவிடுகிறார்கள். 2003 ஸ்டேட்மென்ட்கள் இப்பவே இல்லாமலும் இருக்கலாம், ஆகவே உங்கட ஃபைலில் இருப்பதை எறியாதேங்கோ. ஸ்டேட்மென்டில் பி.பி.ஐ. என்றே இருக்கும் என்றும் இல்லை. பேமென்ட் கவர், கார்ட் கேர், அக்கவுண்ட் கவர் என்றெல்லாம் போட்டிருப்பார்கள்.

தொகையையும் ஒருக்கால் போட்டுப் பாருங்கோ. சராசரி நிலுவை 2,000 பவுண், 100க்கு 79 பென்ஸ் கழித்தார்கள் என்றால் மாதம் 15.80. ஆறு வருடத்துக்கு 1,137.60 பவுண். அதன்மேல் ஏறின கார்ட் வட்டி வேற. நிலுவையை ஒவ்வொரு மாதமும் முழுக்கக் கட்டியிருந்தால் அந்த வட்டி இல்லை.

ஹரோவாசி:

மிக்க நன்றி. வங்கி தரமாட்டன் என்றால் கம்பனி இல்லாமல் நானே வழக்குப் போடலாமா?

குறைகோரல்:

போடலாம். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போடுங்கள்.

முதலில் வங்கிக்கு வழக்குக்கு முந்திய கடிதம்: எந்தக் கணக்கு, எவ்வளவு, 140ஏ, கொமிஷன் சொல்லப்படவில்லை, பதிலுக்கு 30 நாள். "தவறான விற்பனை" என்ற சொல்லைத் தொடவே வேண்டாம், தொட்டால் 2019 கெடுவைச் சொல்லி ஒரு பந்தியில் முடித்துவிடுவார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண் வரை பொதுவாகச் சிறு கோரிக்கை வழி. அங்கே தோற்றாலும் எதிர்த்தரப்பு வக்கீல் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில் விழாது. வழக்குச் சிக்கலானது என்று நீதிபதி மேல் வழிக்கு மாற்றினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அசல் ஆபத்து அதுதான். ஸ்கொட்லாந்தில் காலக் கணக்கே வேறு.

தோற்பதற்கான வழக்கமான காரணங்கள்: கொமிஷன் குறைவாக இருந்தது (முறைப்பாடுகளுக்கு எஃப்.சி.ஏ. வைத்த அளவுகோல் 50 வீதம். அது நீதிமன்றத்தைக் கட்டாது, ஆனாலும் அதற்குக் கீழே என்றால் நான் போடமாட்டேன்), முன்பு காசு வாங்கும்போது "முழுவதும் இறுதியும்" என்று ஒப்பமிட்டது, பத்திரம் ஒன்றும் இல்லாதது. வென்றாலும் சில நீதிபதிகள் கொமிஷனை மட்டும் தருவார்கள், சிலர் முழுக் கட்டணத்தையும். இதை நிச்சயமாகச் சொல்லுகிறவரை நம்பவேண்டாம்.

கம்பனியின் விலை: பி.பி.ஐ. முறைப்பாடுகளுக்கு 20 வீதமும் அதன்மேல் வாட் வரியும் என்று சட்ட உச்சவரம்பு வைத்தார்கள். நீதிமன்ற வேலைக்கு வக்கீல் நிறுவனம் வெற்றித்தொகையில் 50 வீதம் வரை ஒப்பந்தம் போட இடமுண்டு. மேலே சொன்ன 1,137 பவுணில் பாதி போனால் மிஞ்சுவதைப் பாருங்கள். முன்பணம் கேட்டால் ஃபோனை வைத்துவிடுங்கள்.

இடையில் வங்குரோத்து அறிவித்திருந்தால் இந்தக் காசு அனேகமாக உங்களுக்கு வராது, அதற்குப் பொறுப்பான அதிகாரிக்குப் போகும். அந்த வங்கிக்கே பழைய நிலுவை இருந்தால் அதில் கழிப்பார்கள்.

வரிமேசை:

பி.பி.ஐ. காசு கிடைத்த மற்றவர்களுக்கு: அதோடு தரும் 8 வீத வட்டிக்கு மட்டுமே வரி, திரும்பிய கட்டணத்துக்கு இல்லை. அந்த வட்டியில் 20 வீதத்தை வங்கி வழமையாகக் கழித்துத்தான் தரும். அடிப்படை வரி கட்டுபவருக்கு வருடம் 1,000 பவுண் வட்டி வரை வரியில்லை (2016 ஏப்ரலிலிருந்து), எனவே வரித் திணைக்களத்தின் ஆர்40 படிவத்தில் திருப்பிக் கேட்கலாம். காசு வந்த வரி ஆண்டு முடிந்து 4 வருடத்துக்குள் கேட்கவேண்டும்: 2022/23இல் வந்தது என்றால் 2027 ஏப்ரல் 5. ஹரோவாசியின் 2018 தொகைக்கு இது கடந்துவிட்டது.

ஹரோவாசி:

எஸ்.ஏ.ஆர். இன்றைக்கே அனுப்புறன். கார்டில் மனிசியின் பெயரும் இருந்தது. இரண்டு பேரும் ஒப்பமிடவேணுமா?

கடன்கணக்கு:

அவ மேலதிக கார்ட் வைத்திருந்தவ மட்டும் என்றால் வேண்டாம். ஒப்பந்தம் உங்கள் பெயரில், கேட்பதும் நீங்கள்தான்.