முதலாம் ஆண்டு புராஜெக்ட்: பெசன்ட் நகர் கரையில் பொறுக்கிய குப்பையை வைத்து என்ன கேள்வி கேட்பது?

திருவான்மியூர்_நால்வர்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் நான்கு பெண்கள், பி.எஸ்சி. விலங்கியல் முதலாம் ஆண்டு. மார்ச் கடைசிக்குள் ஒரு குழு புராஜெக்ட் கொடுக்க வேண்டும். "கடல் மாசும் கடல் உயிர்களும்" என்று தலைப்பு எழுதிக் கொடுத்தோம், மேடமும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அது எவ்வளவு பெரிய தலைப்பு என்று இப்போதுதான் புரிகிறது.

போன ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஊரூர் குப்பத்தில் ஆரம்பித்து எலியட்ஸ் கடற்கரை வரை நடந்து ஒரு சாக்கு நிறையப் பொறுக்கினோம். மொட்டை மாடியில் கொட்டிப் பிரித்தோம். தண்ணீர் பாட்டில், கேரி பேக், ஒற்றைச் செருப்பு, ஷாம்பு சாஷே எல்லாம் எதிர்பார்த்ததுதான். யோசிக்க வைத்தது இரண்டு பொருள்கள். ஒன்று, பால் பாக்கெட்டை வெட்டும்போது விழுமே அந்தச் சின்ன முக்கோண மூலை, அது கை நிறைய இருந்தது. இன்னொன்று, விரல் நீளத்துக்கு வெள்ளையும் நீலமும் ரோஸுமாக மெல்லிய குழல்கள். லாலிபாப் குச்சி என்று நினைத்தோம். இரண்டு முனையிலும் வரிவரியாகப் பள்ளம் இருப்பதைப் பார்த்த பிறகுதான் அது காது குடையும் பட்ஸின் தண்டு, பஞ்சு மட்டும் போய்விட்டது என்று தெரிந்தது.

கடற்கரைக்கு வருகிறவர்கள் பட்ஸ் எடுத்து வருவதில்லை, அங்கே பால் காய்ச்சுவதும் இல்லை. அப்போது இவை எங்கிருந்து வருகின்றன? இதைப் புராஜெக்ட் ஆக்க முடியுமா, அல்லது மைக்ரோபிளாஸ்டிக் செய்தால்தான் மதிப்பெண் வருமா? காசிமேட்டில் மீன் வாங்கி வந்து குடலை வெட்டிப் பார்க்கலாம் என்று ஒரு தோழி சொல்கிறாள். இன்னொன்று, "சென்னைக் கரையில் ஆமைகள் பிளாஸ்டிக்கைத் தின்று சாகின்றன" என்று முன்னுரையில் எழுதியிருக்கிறோம், அது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தப்பாக இருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.

---

உவர்மணல்:

நான் முனைவர் பட்டத்துக்கு மணலில் பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், உங்கள் பட்ஸ் தண்டும் பால் பாக்கெட் மூலையும்தான் புராஜெக்ட். விட்டுவிடாதீர்கள். பட்ஸை நிறையப் பேர் டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். அது சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போய், ஆற்றிலிருந்து கடலுக்கு வந்து, கரையில் ஒதுங்குகிறது. உலகம் முழுக்கக் கரையில் பட்ஸ் தண்டு கிடந்தால் பக்கத்தில் எங்கோ கழிவுநீர் கலக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவார்கள். அப்புறம் ஒரு விஷயம், பிளாஸ்டிக் தண்டு வைத்த பட்ஸ் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. இன்னும் கரையில் கிடக்கிறதென்றால் அது பழைய சரக்கா, அல்லது தெருமுனைக் கடையில் இன்றும் விற்கிறதா? நான்கு பேரும் அவரவர் தெருவில் பத்துக் கடை ஏறி இறங்கிப் பாருங்கள், அதுவே அறிக்கையில் ஒரு நல்ல பக்கம் ஆகும்.

மைக்ரோபிளாஸ்டிக் பற்றிக் கேட்டீர்கள். 5 மில்லிமீட்டருக்குக் குறைவானதை அப்படிச் சொல்கிறோம். கல்லூரி லேபிலேயே முடியும், செலவு உப்புக்கு மட்டும்தான். அலை ஏறி நின்ற கோட்டில், காய்ந்த பாசியும் சிப்பியும் வரிசையாகக் கிடக்குமே அந்த இடத்தில், அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரம் கட்டி மேல் 5 சென்டிமீட்டர் மணலை எடுங்கள். நிழலில் காய வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் கிட்டத்தட்ட 350 கிராம் உப்பு கரையும், அதற்கு மேல் கரையாது, அந்த அளவுக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். மணலை அதில் கொட்டி நன்றாகக் கலக்கிவிட்டுச் சில மணி நேரம் அப்படியே விடுங்கள். மணல் அடியில் தங்கிவிடும், மிதப்பதை வடிதாளில் இறக்கி நுண்ணோக்கியில் பாருங்கள். பிளாஸ்டிக்கா, பாசித் துணுக்கா என்று சந்தேகம் வந்தால் ஊசியைச் சூடாக்கி அதன் அருகில் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் என்றால் உருகும், அல்லது சுருளும்.

இதில் எல்லாரும் கோட்டை விடுகிற இடங்கள் உண்டு. உப்பிலேயே மைக்ரோபிளாஸ்டிக் இருக்கும், அதனால் உப்புக் கரைசலை முதலில் வடிகட்டிவிட்டுத்தான் மணலைப் போட வேண்டும். பாலியெஸ்டர் சுடிதார் போட்டுக்கொண்டு குனிந்து வேலை செய்தால் உங்கள் துப்பட்டாவின் இழையையே கடல் மாசு என்று எண்ணி வைப்பீர்கள். பருத்தி உடுத்துங்கள், பக்கத்தில் ஒரு வெற்று வடிதாளை ஈரமாக்கித் திறந்து வையுங்கள், அதில் எத்தனை இழை விழுந்தது என்று எண்ணிக் கழித்துவிடுங்கள். முதல் வருடம் நான் இதைச் செய்யாமல் மூன்று மாத வேலையைத் தூக்கிப் போட்டேன், இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இன்னொன்றையும் அறிக்கையில் எழுதிவிடுங்கள். நிறைவுற்ற உப்புக் கரைசலின் அடர்த்தி 1.2 அளவுதான் (சாதாரணத் தண்ணீருக்கு 1). பால் பாக்கெட்டின் பாலிஎத்திலீன், பட்ஸ் தண்டின் பாலிபுரொப்பிலீன் இரண்டும் 1-க்குக் கீழே, அதனால் மிதக்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக் 1.38, அது மணலோடு மூழ்கிவிடும். அதனால் பாட்டில் துணுக்கு உங்கள் கண்ணில் படவில்லை என்பதற்காக மணலில் இல்லை என்று சொல்ல முடியாது.

மீன் குடலை மட்டும் இப்போதைக்கு விடுங்கள். ஐந்தாறு மீனை வெட்டி எந்த முடிவும் சொல்ல முடியாது.

---

குப்பத்துப்பிள்ளை:

தங்கச்சிங்களா, நான் ஊரூர் குப்பம். அப்பா கட்டுமரத்தில் போனவர், நான் ஃபைபர் போட்டில் போகிறேன். நீங்கள் பொறுக்கின இடம் என் வீட்டு வாசல், அதனால் சொல்கிறேன்.

அந்த மூலையும் குச்சியும் அடையாறு கொண்டுவந்தது. மழை விட்ட பிறகு முகத்துவாரத்தில் போய் நின்று பாருங்கள், உடைந்த பாலத்துக்குக் கீழே ஊரே மிதந்து வரும். மெத்தைகூட வந்திருக்கிறது. கோடையில் ஆற்றில் ஓட்டம் இருக்காது, அலை மணலைத் தள்ளி முகத்துவாரத்தையே மூடிவிடும், அப்போது குப்பை உள்ளேயே தேங்கி நாறும். அடுத்த மழையில் மொத்தமாக வெளியே வரும். அதனால் என்றைக்குப் பொறுக்கினீர்கள், அதற்கு முன் மழை பெய்ததா, முகத்துவாரம் திறந்திருந்ததா என்று எழுதாமல் எடையை மட்டும் எழுதினால் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை.

அதைவிட முக்கியம் நீரோட்டம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும்போது தண்ணீர் வடக்கேயிருந்து தெற்கே இழுக்கும். அப்போது ஆற்றுக் குப்பை எங்கள் பக்கம், பெசன்ட் நகர், உங்கள் திருவான்மியூர் வரை வந்து ஒதுங்கும். மாசி தாண்டினால் ஓட்டம் திரும்பிவிடும், அப்புறம் எல்லாம் வடக்கே சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம் பக்கம் போகும். வருடக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். துறைமுகம் கட்டின பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்து சேர்ந்து இவ்வளவு அகலமானதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்ததும் அதனால்தான். நீங்கள் இப்போது ஆரம்பித்து மார்ச் வரை எலியட்ஸில் மட்டும் பொறுக்கினால், வாரா வாரம் குறைகிறது, கரை சுத்தமாகிறது என்று எழுதிவிடுவீர்கள். சுத்தமாகவில்லை, அடுத்த குப்பத்துக்குப் போயிருக்கிறது.

ஆற்றுக்கு இரண்டு பக்கமும் பாருங்கள். தெற்கே ஓர் இடம், வடக்கே ஓர் இடம், ஒரே நாள் காலை, அதே அளவு சதுரம். அது போதும்.

மீன் விஷயத்தில் மேலே சொன்னவர் சொன்னது சரி, நான் வேறு காரணமும் சொல்கிறேன். அரைகுறையாக "சென்னை மீனில் பிளாஸ்டிக்" என்று யாரோ எழுதுவார்கள், வாட்ஸாப்பில் சுற்றும், மறுநாள் காலையில் எங்கள் அம்மா கூடையில் சங்கராவும் காரப்பொடியும் அப்படியே கிடக்கும். குப்பையைக் கடலில் கொட்டினது அவர்கள் இல்லை. நிஜமாக ஆய்வு செய்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். எங்களுக்கும் தெரிய வேண்டும். முகத்துவாரத்தில் மடவை மீன் எப்படிக் கிடைத்தது, இப்போது எப்படி என்று எங்கள் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள், எந்த லேபிலும் அந்தக் கணக்கு இருக்காது.

எங்கள் தப்பையும் சொல்லிவிடுகிறேன். கிழிந்த தங்கூசி (நைலான்) வலையைக் கரையிலேயே போட்டுவிடுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. நூல் வலை காலத்தில் அது மக்கிவிடும். இது மக்காது, நண்டு மாட்டி மாட்டிச் சாகும். அதையும் உங்கள் கணக்கில் தனியாக எழுதுங்கள், மறைக்க வேண்டாம்.

---

இரவுநடை:

ஆமை பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த வரியைத் தயவுசெய்து மாற்றுங்கள்.

பிளாஸ்டிக் பையைச் சொறி (ஜெல்லி மீன்) என்று நினைத்து ஆமைகள் விழுங்குவது உண்மைதான். ஆனால் சென்னைக் கரையில் நாம் பார்க்கிற சாவுக்கு முதல் காரணம் அது இல்லை. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) செத்து ஒதுங்கின. அந்த நாட்களில் நான் நீலாங்கரையிலிருந்து நடந்தவள், ஒவ்வொன்றையும் தாண்டிப் போக வேண்டியிருந்தது. பலவற்றுக்குக் கண் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தது. மூச்சு முட்டிச் செத்ததன் அடையாளம் அது. ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல், மேலே வந்து மூச்சு வாங்கியே ஆக வேண்டும். விசைப்படகுகள் இழுத்துப் போகும் இழுவலையில் மாட்டி மணிக்கணக்கில் கீழேயே கிடந்தால் மூழ்கித்தான் சாகும். விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது, கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர். முட்டையிட வரும் ஆமைகள் காத்திருப்பதும் அந்தத் தூரத்துக்குள்தான். வலையில் ஆமை வெளியேறும் கருவி பொருத்தவும் விதி உண்டு.

செத்த ஆமையைப் பார்த்தால் தொடாதீர்கள், ஓட்டை எடுத்து வராதீர்கள். அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிற உயிர். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மாசு என்றால் குப்பை மட்டும் இல்லை என்பதையும் யோசியுங்கள். முட்டையிலிருந்து வெளியே வரும் குஞ்சு, கடல் மேல் தெரியும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தண்ணீருக்குப் போகும். நம் கரையில் தெருவிளக்கும் ஹோட்டல் விளக்கும் அதைவிடப் பிரகாசம், அதனால் ரோட்டுப் பக்கம் ஊர்ந்து போய்விடுகிறது. முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆமை முட்டைகளைத் தேடி இரவில் கரையோரம் நடக்கிற இந்த நடையை இங்கே 1988-ல் மாணவர்கள் சேர்ந்து ஓர் அமைப்பாக ஆரம்பித்தார்கள், இன்றுவரை ஒவ்வொரு பருவத்திலும் எண்ணி எழுதி வைக்கிறார்கள். உங்கள் வயதுக்காரர்கள் தொடங்கியதுதான். வெள்ளி, சனி இரவுகளில் வெளியாட்களையும் அழைத்துப் போவது வழக்கம், ஒரு தடவை வாருங்கள்.

---

எண்ணூர்வாசி:

தென்சென்னையோடு நிறுத்திக்கொள்ளாமல் எங்கள் பக்கமும் ஒரு நாள் வந்து பாருங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது அதை வாளியில் அள்ளியவர்களில் நானும் ஒருவன். கல்லூரி முதல் வருடம். பாறை இடுக்கில் தார் மாதிரி நின்றது, நண்டு அதில் நகர முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது, தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் கை கறுப்பு போகச் சில நாள் ஆனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய், இந்தத் தடவை கழிமுகத்துக்குள்ளேயே. அலையாத்திச் செடிகளின் அடித்தண்டில் தண்ணீர் நின்ற உயரம் வரைக்கும் கறுப்புக் கோடு. புராஜெக்டில் சேர்க்க வேண்டாம், ஆறு வாரத்தில் முடியாது. வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

---

திருவான்மியூர்_நால்வர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று நான்கு பேரும் உட்கார்ந்து மூன்று தடவை படித்தோம். ஆமை வரியை அடித்துவிட்டோம், மீன் குடலும் இல்லை.

தலைப்பை மேடத்திடம் மாற்றிக் கேட்டோம்: "அடையாறு முகத்துவாரத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் ஒதுங்கும் வீட்டுக் குப்பை". சரி என்று சொல்லிவிட்டார். சீனிவாசபுரத்தில் மூன்று சதுரம், ஊரூர் குப்பத்தில் மூன்று சதுரம், ஆறு சனிக்கிழமை. பட்ஸ் தண்டு, பால் பாக்கெட் மூலை, வலைத் துண்டு, மற்றவை என்று நான்கு டப்பா. மணல் மாதிரி முதல் வாரமும் கடைசி வாரமும் மட்டும். கடை வேலையை ஆரம்பித்துவிட்டோம், எங்கள் தெருவில் பார்த்த ஏழு கடையில் இரண்டில் பிளாஸ்டிக் தண்டு பட்ஸ் இன்னும் தொங்குகிறது.

குப்பத்துப்பிள்ளை அண்ணா, உங்கள் பெரியவர்களிடம் பேச எப்போது வரலாம்? மேடமும் வருகிறேன் என்கிறார்.

---

குப்பத்துப்பிள்ளை:

சனிக்கிழமையே வாருங்கள். ஆறரை மணிக்குப் படகு கரை ஏறும், எட்டு மணிக்குள் மீன் போய்விடும், அதற்கப்புறம் எல்லாரும் நிழலில் உட்கார்ந்து வலை சரி செய்வார்கள், அப்போதுதான் பேச நேரம் இருக்கும். முதலில் சதுரத்தை முடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது. பொறுக்குவதைக் கோணிப்பையில் போடாதீர்கள், இப்போதெல்லாம் கோணியே பிளாஸ்டிக் இழை, உதிர்ந்து உங்கள் கணக்கோடு கலந்துவிடும். எவர்சில்வர் தூக்கு கொண்டுவாருங்கள், இல்லையென்றால் எங்கள் வீட்டில் இருக்கிறது.